நாய்க்கோடு

செம்பேட்டில் நாய்கள் நிலம் அளக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு. இவ்வளவு சரியாக நேரம் சொல்ல முடிகிறதென்றால் அதற்குக் காரணம் காலனி அமுலு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. எட்டரை ஆனால் அவள் சைக்கிள் ஊர்த்தெருவுக்குள் நுழையும், சைக்கிள் நுழைந்ததும் நாய்கள் குரைக்கும், குரைப்பைக் கேட்டதும் ஊரிலுள்ள வியாதிக்காரர்கள் எல்லோரும் இட்லித் தட்டும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அமுலுவை நாய் துரத்துகிற சத்தத்தை வைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார்கள்.

அவளைத் துரத்தாத நாய் ஊரில் இல்லை. ஹேண்டில்பாரில் நீலப் பையும், கேரியரில் பிரஷர் பார்க்கிற மெஷினும், இடது கெண்டைக்காலில் இரண்டு பல் தழும்புமாக, முப்பத்துநாலு வயதுக்குள் அவள் கற்றுவைத்திருந்த வித்தைகள் கொஞ்சமல்ல. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சைக்கிளைத் தானாக ஓடவிடுவது, குனிந்து கல் பொறுக்குவதுபோல் பாவனை செய்வது, பொறை ரொட்டியை எதிர்ப்பக்கம் வீசுவது, நாயின் பெயர் தெரிந்தால் அந்த வீட்டுக்காரி குரலிலேயே அதட்டுவது. எல்லாவற்றையும்விட நிச்சயமான வித்தை ஒன்று உண்டு, அது இறங்கிவிடுவது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் எப்பேர்ப்பட்ட நாயும் வந்த வேலை முடிந்ததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடும். ஆனால் நாற்பது வீட்டுக்கும் இறங்கி இறங்கித் தள்ளினால் காலை மாத்திரை போய்ச்சேர மத்தியானம் ஆகிவிடும் என்பதால் அவள் மிதித்தாள்.

அவள் அப்பா காத்தவராயன் காலத்தில் காலனிக்காரர்கள் எல்லோரும் அந்த நிச்சயமான வித்தையைத்தான் செய்தார்கள். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்குவார்கள், தெரு முடிகிறவரைக்கும் தள்ளுவார்கள், அந்தக் கோடியில் போய் ஏறிக்கொள்வார்கள். சின்ன வயதில் முன்பாரில் உட்கார்ந்துகொண்டு ஏன்பா இறங்குற என்று அமுலு கேட்டபோதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நாய் இருக்குது கண்ணு." அமுலு காலத்தில் யாரும் இறங்குவதில்லை, யாரும் இறங்கச் சொல்வதுமில்லை. நாய்கள்தான் பழைய பழக்கத்தை விடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் காலனியிலிருந்து வயல் நடுவே போகிற வண்டிப்பாதையில் வந்தாள். பாதையின் இந்தப் பாதி தணிகாசலத்தின் வேர்க்கடலைக் கொல்லைக்குள்ளும் அந்தப் பாதி பலராமன் கொல்லைக்குள்ளும் போகிறது. இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். நடுவிலிருந்த ஒரு வரப்புக்காகப் பதினோரு வருஷமாக ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு இன்னொருத்தர் போகாமலிருந்தார்கள். தணிகாசலத்தின் நாய் டைகர் மோட்டார் கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தது. வரப்பைத் தாண்டியது. தாண்டி மூன்று அடி போனதும் நின்றது.

நின்றது என்று சொன்னால் போதாது. முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் தூக்கியபடி, மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினதுபோல் சப்பையாக, ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்துக்கு அப்படியே நின்றது. வாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் குரைப்பும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. அதற்கு முன்னால் போய்விட்ட அமுலுவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, பின்னால் நின்ற தணிகாசலத்துக்குக் காது கிழிந்தது. அது ஓடிவந்த புழுதிகூட அதே இடத்தில் சுவர் எழுப்பினதுபோல் நின்று, பிறகு மெதுவாகத் தரையில் இறங்கியது.

"அமுலு, அப்படியே நில்லு. நவுராத," என்றார் தணிகாசலம். பிறகு எதிர்க்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பலராமனைப் பார்த்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "பாத்தியாடா? வரப்புக்கு அந்தாண்ட மூணு அடி. எங்கப்பன் சொன்ன எடம் இதான்," என்றார்.

"நாய் சொன்னா ஆச்சா?"

"அப்ப உன் நாய வுட்டுப் பாரு."

பலராமன் தன் ராணியை அவிழ்த்துவிட்டார். அமுலு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் மிதிக்க, ராணி துரத்திவந்து, டைகர் நின்ற அதே இடத்தில், டைகரின் மூக்குக்கு நேராகத் தன் மூக்கு சப்பையாக நின்றது. இரண்டு நாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் குரைத்தன. பலராமன் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, நான் போட்டுமா? மாத்திர குடுக்கணும்," என்றாள் அமுலு. அன்று சாயந்திரமே அங்கே கல் நட்டு, கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்தார்கள்.

ஒரு அதிசயம் நடந்தால் மற்ற ஊர்களில் என்ன செய்வார்களோ தெரியாது, செம்பேட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், பெயர் வைத்தபின் அதற்குச் சட்டதிட்டம் போட்டார்கள், சட்டதிட்டம் போட்டபின் அது ரேஷன் கடைபோல் ஆகிவிட்டது. நாய்க்கோடு என்பது பெயர். நாய் அந்த வீட்டில் ஆறு மாதமாவது சோறு தின்றிருக்க வேண்டும். கோடு பார்க்கிற அன்று காலையில் கறி போடக் கூடாது. பார்க்கிறவர்கள் நாயைக் கூப்பிடவோ விசிலடிக்கவோ கூடாது. பாகம் பிரிந்த ஒரு வீட்டில் இரண்டு மருமகள்களும் போட்டி போட்டுக்கொண்டு சோறு வைத்த நாய், பின்முற்றத்தில் பாதி தூரம் ஓடிவந்து நடுவிலிருந்த முருங்கை மரத்தடியில் நின்று தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்தது. சரி, மரம் பொதுவில் என்று தீர்ப்பானது, அதிலிருந்து இரண்டு வீட்டிலும் முருங்கைக்காய்ச் சாம்பார் ஒரே நாளில் கொதித்தது. நில அளவைக்காரர் ஒருநாள் வந்து, ஓர் ஓரமாக நின்று, இரண்டு நாய் நின்ற இடங்களைத் தன் வரைபடத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, சங்கிலியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தனக்கு ரிட்டயராக நாலு வருஷம்தான் இருக்கிறது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. நாய்கள் அமுலு சைக்கிளை மட்டும்தான் துரத்தின. பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் தன் மச்சானை ஒரு சைக்கிளில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார். நாய்கள் வாலை ஆட்டின. பள்ளிக்கூடத்து வாத்தியார் போனார், நாய்கள் எழுந்துகூட நிற்கவில்லை. அமுலுவின் சைக்கிளையே வாங்கி ஊர்க்காரர் ஒருவர் ஓட்டியபோது டைகர் பக்கத்தில் வந்து பெடலை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் போனால் ஏன் துரத்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "அமுலுக்கு அந்த ராசி இருக்குது," என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த ராசியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அமுலுவுக்குத் தெரியவில்லை. எந்த வாசலில் ஒரு காலத்தில் நின்றபடியே மாத்திரை அட்டையை நீட்டினாளோ அந்த வாசலில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சில்வர் டம்ளரில் காபி வந்தது. இரண்டு வீட்டில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தே இழுத்தார்கள். இதில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று ஒவ்வொரு நாளும் சைக்கிளை நிறுத்துகிறபோது யோசிப்பாள், காபி குடித்து முடிப்பதற்குள் யோசனை ஆறிப்போகும். ஊர் மொத்தமும் நாய் எங்கே நிற்கும் என்றுதான் பார்த்தது. நாய் நிற்கிறவரைக்கும் அது தன் காலைப் பார்த்துத்தான் ஓடிவருகிறது என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. தங்களுக்கு நிலம் அளக்கத் தெரியும் என்பது அந்த நாய்களுக்குத் தெரியாது. அவை கடிக்கத்தான் வந்தன.

இப்படி இருபத்தேழு கல் நட்டு முடித்த பிறகு செவலை கிளம்பியது.

செவலை அமுலு வீட்டு நாய். குட்டியாகச் சாக்கடையில் கிடந்ததைத் தூக்கிவந்து வளர்த்தது. மூன்று வயதாகிறது, காலனியைத் தாண்டி வெளியே போனதே இல்லை. மேஸ்திரி வேலைக்குச் சென்னை போன அவள் புருஷன் மாதத்துக்கு ஒருமுறை வருகிறபோதுகூட அவனைப் பார்த்து நாலு வாட்டி குரைத்துவிட்டுத்தான் உள்ளே விடும், ஆனால் அவள் சைக்கிளைப் பார்த்து ஒருநாளும் குரைத்ததில்லை. ஒரு புதன்கிழமை காலையில் அவள் பெடலில் கால் வைத்ததும் அது எழுந்து, உடம்பை நெளித்து, யாரோ முன்பின் தெரியாதவளைத் துரத்துவதுபோல் அவளைத் துரத்த ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டால் நாய்க்கு என்ன தெரியும்.

காலனி முடிகிற இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. காலனியின் எல்லை அதுதான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், காலனியிலும் அப்படித்தான் சொல்வார்கள். செவலை அங்கே நிற்கவில்லை. தணிகாசலத்தின் கொல்லைக்குள் ஓடிவந்தது, டைகர் நட்டுவைத்த கல்லைத் தாண்டியது, பலராமன் கொல்லையைத் தாண்டியது, ஏகாம்பரத்தின் கரும்பையும் போர்வெல்லையும் தாண்டியது, ஊர்த்தெருவுக்குள் நுழைந்து தெரு முழுக்க ஓடியது, ஓடுகிற வழியெல்லாம் அதன் குரைப்பு எந்த இடத்திலும் அறுபடாமல் கணீரென்று கேட்டது. இட்லித் தட்டோடு வாசலுக்கு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஊர் நாய்கள் தங்கள் தங்கள் கோட்டுக்குள் எழுந்து நின்று, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கின. ஊரையும் தாண்டி, ஏரி மதகுக்குப் பக்கத்தில் வேலிக்காத்தான் புதருக்குள் எல்லையம்மன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடுகிற கல் ஒன்று இருக்கிறதே, அங்கே போய்த்தான் அதன் முன்னங்கால் அந்தரத்தில் நின்றது. மூக்கு சப்பையானது. குரைப்பு நின்றது.

அன்று சாயந்திரம் காத்தவராயன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் மகள் சைக்கிளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"எல்லையம்மன் வரைக்குமா போச்சு?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"அதுவரைக்கும்தான்பா. அதுக்கு மேல ஒரு எட்டு வைக்கல."

அவர் பெடலைக் கையால் சுற்றினார். "வெள்ளக்காரன் காலத்துல நம்ம ஜனத்துக்குன்னு நெலம் எழுதி வச்சாங்களாம். பஞ்சமி நெலம்னுவாங்களே, அது. எது வரைக்கும்னு கேட்டா எங்கப்பன் எல்லையம்மன் வரைக்கும்பாரு. நான் அத ஏதோ சாமி கதன்னு நெனச்சிட்டன்."

அமுலு செவலையைப் பார்த்தாள். அது தன் வாலிலிருந்த உண்ணியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய நிலத்தை அளந்துவிட்டு வந்த நாய் மாதிரியே தெரியவில்லை.

ஊரில் அதே நேரத்துக்குக் கூட்டம் போட்டார்கள். அது அவள் வளர்த்த நாய், அதனால் துரத்தவில்லை, கூட ஓடிவந்தது என்றார் ஒருவர். துரத்தாத நாய்க்கு எதற்காகக் குரைப்பு என்று இன்னொருவர் கேட்டார். ஒருவேளை அந்தக் காலத்தில் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தபோது அவர் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில், எல்லை தெரியாமல் ஓடுகிற நாய் வெறி பிடித்த நாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. உடனே அடித்துவிடுவது நியாயமில்லை என்பதால் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் ஓடி டிரான்ஸ்பார்மரில் நின்றால் விட்டுவிடுவது, தாண்டினால் முதல் கல்லிலேயே இரும்புப் பைப்பால் அடித்துப் போட்டுவிடுவது என்றும் பேசிக்கொண்டார்கள். கட்டிப்போட்டாலோ வேறெங்காவது கொண்டுபோய் விட்டாலோ வெறியை மறைத்ததாகிவிடும், அதற்கும் அதே பைப்புதான். பைப்பை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தபோது, மூன்று அடி போன வருத்தத்தில் இருக்கிற பலராமனுக்கு ஏதாவது ஒரு மரியாதை செய்ததுபோல் இருக்கட்டும் என்று அவரிடம் கொடுத்தார்கள்.

இந்தத் தீர்மானத்தை அமுலுவுக்குச் சொன்னவர் ஏகாம்பரம்தான். சனிக்கிழமை காலை அவர் கையில் பட்டையைச் சுற்றி அவள் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் நாயக் கொல்லணும்னு எங்களுக்கு இன்னா ஆசையா?" என்றார்.

"பேசாதீங்க தலைவரே. பேசினா ஏறிக்கும்."

"நான் ஒரு வழி சொல்றன் கேளு. டிரான்ஸ்பார்மராண்ட வந்ததும் நீ சைக்கிள வுட்டு எறங்கிடு. எறங்கித் தள்ளினா எந்த நாயா இருந்தாலும் நின்னுடும், உனக்குத் தெரியாததா? நாய் பொழச்சிக்கும், ஊர் பொழச்சிக்கும். உங்கப்பாரு எத்தினி வருசம் இந்தத் தெருவுல எறங்கித் தள்ளினு போனாரு. அவருக்கு இன்னா கொறஞ்சிப் போச்சு?"

மெஷின் நூற்றெழுபது காட்டியது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். "உப்பக் கொறைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஆனால் அன்று மூன்று வீட்டில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள், மூன்று பேரும் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்பாவிடம் போய் நின்றாள். "ஏம்பா, ஊர்த்தெருவுல நீ ஏன் எறங்கித் தள்ளினு போன?"

"நாய் இருந்துச்சி."

"ஊர்க்காரங்க சைக்கிள நாய் துரத்தலயே. அன்னிக்கும் நம்மாளுங்க மட்டும்தான எறங்கினாங்க, நெசமா நாய்க்குத்தான் பயந்தீங்களா?"

காத்தவராயன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "நீ முன்பார்ல உக்காந்துனு கேப்ப," என்றார். "ஆளுங்கன்னு சொன்னா நீ ஆளுங்களுக்குப் பயப்படுவ. காலம் பூரா பயப்படுவ. நாய்னு சொன்னா நாய்க்கு மட்டும்தான பயப்படுவ, பெரியவளானா அது போயிடும்னு நெனச்சன்."

அமுலுவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவர் அவளைச் சமாதானம் செய்யத் தெரியாமல் செவலையைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் விட்டார்.

அன்று ராத்திரி செவலைக்குச் சோறு வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தாள். சைக்கிளை விட்டு இறங்கினால் நாய் பிழைக்கும், நிலம் போகும். இத்தனை நாள் தன்னிடம் இல்லாத நிலம், இருக்கிறதென்று மூன்று நாளாகத்தான் தெரியும். இறங்காவிட்டால் நிலம் எங்கேயும் போகாமல் அங்கேயே கிடக்கும், நாய் செத்துப்போகும். நிலமென்றால் அது காலனியின் நூற்றிருபது வீட்டுக்கும் சேர்ந்தது, நாயென்றால் தினமும் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எப்படிப் பார்த்தாலும் ஒன்று மட்டும்தான் உறுதியாகத் தெரிந்தது, இறங்குவது சுலபம். விடிகிறபோது இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மொத்தமும் வண்டிப்பாதையில் வந்து நின்றது. அவரவர் அவரவர் கல்லுக்குப் பக்கத்தில், கோயில் தேர் வரும்போது நிற்பதுபோல் குளித்து முழுகி நின்றார்கள். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் காலனிக்காரர்கள். முதல் கல்லில், டைகர் நின்ற கல்லில், பைப்போடு பலராமன். அவரை நம்பாமல் அவருக்குப் பக்கத்தில் தணிகாசலம். இருவருக்கும் பின்னால் ஏகாம்பரம். அமுலு சைக்கிளை எடுத்தாள். செவலை எழுந்து, உடம்பை நெளித்து, துரத்த ஆரம்பித்தது.

டிரான்ஸ்பார்மர் வந்தது. அவள் வலது காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். எடுத்த கால் தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, செவலையின் குரைப்பு தன் கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் சுருதி இறங்குவதை அவள் கேட்டாள். அவள் இறங்கப்போகிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஓட்டம் குறைந்தது. எதிரே ஏகாம்பரம் சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். முன்பாரில் உட்கார்ந்துகொண்டு பார்த்திருந்தாள். அப்பா இறங்கும்போது தெருமுனையில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் இப்படித்தான், நல்ல பிள்ளை என்று சொல்வதுபோல், தலையை ஆட்டுவார். அன்றெல்லாம் அந்தத் தெருவில் ஒரு நாயும் குரைத்ததில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது காலைத் திரும்பப் பெடலில் வைத்து அவள் மிதித்தாள். மிதித்துக்கொண்டே "ஓடு செவல, நிக்காத ஓடு," என்று கத்தினாள். நாய் துரத்துகிறபோது அதை ஓடச் சொன்ன முதல் ஆள் செம்பேட்டில் அவளாகத்தான் இருப்பாள்.

செவலை டிரான்ஸ்பார்மரைத் தாண்டியது. முதல் கல்லை நெருங்கியது. பலராமன் பைப்பை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

"தலைவரே, ஒரு சந்தேகம்," என்றார்.

"மொதல்ல அடிடா. அப்பறம் கேளு."

"இல்ல, இது கோடு தெரியாத பைத்தியம்னு அடிச்சிட்டா, அப்ப டைகர் கோடு மட்டும் எப்படி ரைட்டு? இதுவும் நாய்தான, அதுவும் நாய்தான? இந்தக் கோடு தப்புன்னா என் மூணு அடி எனக்கு வரணும் இல்ல?"

"மூணு அடியா?" என்று தணிகாசலம் பைப்பைப் பிடித்தார். "கற்பூரம் கொளுத்தி நட்ட கல்லுடா அது. நாய் தப்பு பண்ணாது. நாயத் தொட்ட, அவ்வளவுதான்."

"அப்ப செவலையும் தப்பு பண்ணலன்னு சொல்றியா?"

தணிகாசலம் பைப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். அதற்குள் இரண்டாவது கல்லில் நின்றவர் மூன்றாவது கல்லில் நின்றவரைப் பார்த்தார். ஒரு கல் தப்பென்றால் எல்லாக் கல்லும் தப்பு என்று நிலம் இழந்தவர்கள் சொல்ல, ஒரு கல்லைத் தொட்டாலும் கையை வெட்டுவேன் என்று நிலம் கிடைத்தவர்கள் சொல்ல, முருங்கை மரத்து மருமகள்கள்கூட ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். இருபத்தேழு கல்லிலும் சண்டை மூண்டது. அந்தச் சண்டைக்கு நடுவே, யார் கையிலும் அடிபடாமல், யாரும் அடிக்க நேரமில்லாமல், அமுலு மிதித்துக்கொண்டு போக, செவலை குரைத்துக்கொண்டே ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஓடியது.

எல்லையம்மன் கல்லில் அது நின்று கால் இறக்கியதும் அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. பாட்டிலைத் திறந்து கையில் தண்ணீர் ஊற்றி அதற்குக் காட்டினாள். அது பாதியைக் குடித்து மீதியைத் தலையை உதறிக் கல்மேல் தெறிக்கவிட்டது. எத்தனையோ தலைமுறை மஞ்சள் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அடியில் ஒரு அம்புக்குறி செதுக்கியிருந்தது. அம்புக்குறிக்குக் கீழே, சர்வே கல்லில் இருப்பதுபோல், ஒரு நம்பர். அவள் பிரஷர் நோட்டை எடுத்து, ஏகாம்பரத்தின் நூற்றெழுபதுக்கு அடுத்த வரியில், அந்த நம்பரை எழுதிக்கொண்டாள். சாமியைக் கழுவிவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஊரில் யாரோ போய் அந்தக் கல்லுக்கு இரண்டு விரல் தடிப்புக்குப் புது மஞ்சள் அப்பி, சிவப்புப் பாவாடையும் கட்டிவிட்டார்கள். செவலைக்கு வெறி என்றால் இருபத்தேழு கல்லையும் பிடுங்க வேண்டும், வெறியில்லை என்றால் ஊரையே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகையால் செவலை விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. பைப்பு தணிகாசலத்தின் மோட்டார் கொட்டகையில் சாத்திவைத்தபடி இருக்கிறது. அதில் பாதி தன்னுடையதென்று பலராமன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை அமுலு லீவு சொல்லியிருந்தாள். தாலுகா ஆபீசுக்குப் போகிற பஸ் ஊருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். காலனியில் நூற்றிருபது பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட மனு நீலப் பைக்குள் இருந்தது. மனுவின் முதல் வரியில் அந்த நம்பர். காத்தவராயன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, தான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாகச் சைக்கிளை வாங்கி, மகளைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். நல்லபடியாகத்தான் மிதித்தார். ஊர்த்தெரு முனை வந்ததும் அவரைக் கேட்காமலே அவர் வலது கால் தரையில் ஊன்றியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

பின்னால் செவலை உடம்பை நெளித்துக்கொண்டிருந்தது.

"நாய் இருக்குதா கண்ணு?" என்றார் திரும்பாமல்.

"இருக்குதுப்பா," என்றாள் அமுலு. "நம்ம நாய்தான். மிதி."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். ஹேண்டில்பார் ஆடியது, நேராகியது. செவலை குரைக்க ஆரம்பித்தது. குரைப்பைக் கேட்டதும் வழக்கம்போல் எட்டரை ஆகிவிட்டதென்று நினைத்து ஊர்த்தெருவில் எல்லோரும் இட்லித் தட்டோடு வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கையில் தட்டோடு நின்றுகொண்டிருக்க, காலனி காத்தவராயன் எழுபது வயதில் முதல் தடவையாக அந்தத் தெருவைச் சைக்கிளில் உட்கார்ந்தபடி கடந்து போனார். போகும்போது இரண்டு தடவை மணியும் அடித்தார்.